போர்வெல் தண்ணீரில் ராம் சிக்லிட் மீன் நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (சூரமங்கலம்):
வணக்கம். இரண்டடி தொட்டி, எங்கள் வீட்டு போர் தண்ணீர். டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு) 900, பிஎச் (அமில, கார அளவு) 8.2, ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 24, கேஎச் (கார்பனேட் அளவு) 16. ஜெர்மன் புளூ ராம் இரண்டு ஜோடி வாங்கி விட்டேன், இரண்டு ஜோடியும் மூன்று வாரத்துக்குள் நிறம் மங்கி, தின்னாமல் மூலையில் ஒதுங்கிப் போய்விட்டன. பிஎச் குறைக்கும் மருந்து ஊற்றினால் மாலையில் 7 காட்டுகிறது, விடிந்து பார்த்தால் மறுபடி 8.2. குட்டை சிக்லிட் வளர்க்க ரொம்ப ஆசை. இந்தத் தண்ணீரில் முடியவே முடியாதா?

பதில் 1 (அம்மாபேட்டை):
தம்பி, முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். கேஎச் 16 இருக்கும்போது அமிலத்தை எல்லாம் அந்தக் கார்பனேட் விழுங்கிவிடும், பிஎச் பழைய இடத்துக்கே ஏறும். உங்கள் மீனை வாட்டியது 8.2 என்ற எண்ணை விட, தினமும் 7க்கும் 8.2க்கும் நடந்த இந்த ஊஞ்சலாட்டம்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று, மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியா இந்த பிஎச்சில் பொல்லாதது. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்கு கூட நச்சு வடிவில் இருக்காது, 8.2ல் பத்துப் பங்கு வரை போகும். புதுத் தொட்டியில் தீனி கொஞ்சம் மிஞ்சினாலே ஆபத்து.

ராம் ஒரினோகோ ஆற்றுச் சமவெளி மீன், மென்மையான தண்ணீர்தான் அதன் ஊர். அதையேதான் வளர்ப்பேன் என்றால் ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்ஓ என்று கலந்தால் டிடிஎஸ் 250 பக்கம் வரும். ஒவ்வொரு வாரமும் அதே கணக்கில் மாற்ற வேண்டும், அதில்தான் பலர் சலித்துப் போகிறார்கள். உப்பு போடும் சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டாம், அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும், டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும்.

பதில் 2 (ஓமலூர்):
ஏன் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்? நம் சேலம் பக்கம் மேக்னசைட் தாது வெட்டுகிற பூமி, தண்ணீர் இப்படித்தான் இருக்கும். ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரி மீனைப் பாருங்கள், அந்த ஏரியின் பிஎச்சே 9 பக்கம். நான் அந்த ஏரியின் குட்டை சிக்லிட்டான மல்டி என்கிற மல்டிஃபேசியாட்டஸ் வைத்திருக்கிறேன், ஆண் மீனே ஒன்றரை, இரண்டு அங்குலம்தான், நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும். உங்கள் இரண்டடி தொட்டியே போதும். இரண்டு அங்குலம் மணல், வயல் நத்தை ஓடுகளைக் கொதிக்க வைத்துக் கழுவிப் பத்துப் பதினைந்து. ஆறு குஞ்சு வாங்கி விடுங்கள். மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பித் தன் ஓட்டைச் சுற்றிப் பள்ளம் பறிக்கும், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

கிரிபென்சிஸ் என்ற இன்னொரு குட்டை சிக்லிட்டும் இந்தத் தண்ணீரை ஓரளவு தாங்கும், குஞ்சும் பொரிக்கும். ஆனால் பிஎச் ஏறினால் பெண் குஞ்சுகளே அதிகம் வரும், ஜோடி சேர்க்க ஆண் கிடைக்காது.

பதில் 3 (ஏற்காடு):
எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. தகரக் கூரை மழைத் தண்ணீர் பிடிக்கிறேன், டிடிஎஸ் 20தான். கேஎச் இல்லாததால் ஒருமுறை பிஎச் தடாலென்று 5க்கு விழுந்தது. இப்போது ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கலக்கிறேன், அபிஸ்டோகிராமா என்ற குட்டை சிக்லிட் நன்றாக இருக்கிறது. ராமுக்கு 27, 28 டிகிரி வேண்டும், இங்கே மார்கழியில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்ஓ செலவு கட்டாது என்றால் கேன் எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள், தருகிறேன்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இந்தத் தொட்டியில் மல்டியே வைக்கிறேன். ஓமலூர் அண்ணா, நத்தை ஓடு உங்கள் பக்கம் கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் மேட்டூர் போகிறேன்.

ஓமலூர்:
வாருங்கள், ஒரு பை நிறைய இருக்கிறது. சின்ன வாய் உள்ளதாகப் பொறுக்கி வைக்கிறேன்.