35 மி.மீ. புரொஜெக்டர்: ஹீட் ஃபில்டரை எந்தப் பக்கம் திருப்பிப் பொருத்துவது?

செல்லுலாய்டு (கேள்வி)

வணக்கம். எங்கள் 35 மி.மீ. புரொஜெக்டரில் 3,000 வாட் செனான் விளக்கு உள்ளது. லேம்ப் ஹவுஸுக்கும் (விளக்குக் கூண்டு) ஃபிலிம் ஒளியின் முன் நிற்கும் சட்டமான ‘கேட்’டுக்கும் இடையிலிருந்த ஹீட் ஃபில்டர் (வெப்பத்தைத் தடுக்கும்) கண்ணாடி, ஓரத்தில் விரிசல் கண்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. அது இல்லாமல் ஓட்டியபோது வண்ணப் பிரிண்டுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கறுப்பு வெள்ளைப் பிரிண்டு ஒன்றில் படத்தின் நடுப்பகுதி மட்டும் ஃபோகஸ் விலகிக்கொண்டே இருந்தது. மாற்றாக வந்திருக்கும் டைக்ராயிக் கண்ணாடியில் (ஒளியை விட்டு, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் பூச்சு ஒரு பக்கம் உள்ள கண்ணாடி) எந்தக் குறியும் இல்லை. பூச்சுப் பக்கத்தை எப்படிக் கண்டறிவது, அது விளக்கைப் பார்க்க வேண்டுமா ஃபிலிமைப் பார்க்க வேண்டுமா, நேராக நிறுத்துவதா சாய்ப்பதா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கார்பன்ஆர்க்

முதலில், புதிய கண்ணாடியைப் பொருத்தும் வரை கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளை ஓட்டாதீர்கள். வண்ணப் பிரிண்டின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான் என்பதால், அது அந்த வெப்பத்தை அப்படியே உள்வாங்கிக்கொண்டு ஃபிலிமைப் புடைக்கச் செய்கிறது. ஒளிக்கற்றையின் செறிவு நடுவில் அதிகம் என்பதால் அங்கேதான் ஃபோகஸ் முதலில் விலகும்.

பூச்சுப் பக்கம் விளக்கைத்தான் பார்க்க வேண்டும். அப்போது அகச்சிவப்பு கண்ணாடிக்குள் நுழையும் முன்பே திருப்பி அனுப்பப்படுகிறது. மாற்றிப் பொருத்தினால் அதே கதிர் கண்ணாடியின் கனத்தை ஒருமுறை கடந்து, பூச்சில் பட்டு, மறுமுறையும் கடந்து வெளியேறும்; கண்ணாடி வீணாகச் சூடேறும்.

பக்கத்தைக் கண்டறிய, மடித்த காகிதத்தின் நுனியைக் கண்ணாடியின் ஓரத்தில் மெல்ல வைத்துச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நுனியும் அதன் பளிச்சென்ற பிரதிபலிப்பும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டால் அது பூச்சுப் பக்கம். இரண்டுக்கும் நடுவே கண்ணாடியின் கனம் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் பூச்சு மறுபுறம் இருக்கிறது. பருத்திக் கையுறை அணிந்தே கண்ணாடியைத் தொடுங்கள். விரல் ரேகை ஒன்று பதிந்தாலும் சூட்டில் அது வெந்து பூச்சோடு ஒட்டிவிடும்.

ஷட்டர்48

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் ஓரத்தில் தொடங்கிய விரிசலுக்குப் பக்கம் மாறியது மட்டுமே காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். சட்டத்தின் கிளிப்புகளைப் பாருங்கள். நடுப்பகுதி சூடேறி விரியும்போது இறுக்கிப் பிடித்த ஓரம் விரிய இடமில்லாமல் பிளந்துவிடும். கண்ணாடியை விரலால் தள்ளினால் லேசாக நகர வேண்டும், கிலுகிலுவென்று ஆடக் கூடாது. திருகை அதற்கு மேல் முடுக்க வேண்டாம். கற்றை ஒடுங்கும் கேட்டின் அருகே வைக்காமல், அது அகலமாக இருக்கும் விளக்குப் பக்கமே வைப்பது நல்லது. காற்றும் ஒரே மூலையில் வந்து அடிக்காமல் முகப்பு முழுவதும் பரவ வேண்டும். விளக்கை அணைத்த பிறகும் மின்விசிறி சிறிது நேரம் ஓடட்டும்.

சாய்ப்பதைப் பொறுத்தவரை பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கேட்டை நோக்கிக் குவிந்துவரும் கற்றையை நேராக நிறுத்திய கண்ணாடி திருப்பி அனுப்பினால், கண்ணாடியிலிருந்து கேட் எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் விளக்கின் பக்கம் அந்த வெப்பம் குவியும். அந்த இடத்தில் விளக்கின் முனையோ மின்கம்பியோ இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் சில பாகை சாய்த்தால் போதும், ஏனெனில் திரும்பும் கற்றை அதைப்போல் இருமடங்கு கோணத்தில் விலகிவிடும். அதிகம் சாய்த்தால் பூச்சு வெட்டும் எல்லை குறுகிய அலைநீளத்தின் பக்கம் நகர்ந்து, படத்தின் சிவப்பையே தின்னத் தொடங்கும்.

செல்லுலாய்டு

இருவருக்கும் நன்றி. கிளிப்புகள் உண்மையிலேயே மிக இறுக்கமாகத்தான் இருந்தன. கறுப்பு வெள்ளைக்காக வெப்பம் உறிஞ்சும் கண்ணாடி ஒன்றையும் கூடுதலாகச் சேர்க்கலாமா? திரையில் வெளிச்சம் குறையுமே என்று தயங்குகிறேன்.

கார்பன்ஆர்க்

சேர்க்கலாம், டைக்ராயிக் விளக்குப் பக்கமும், உறிஞ்சும் கண்ணாடி அதற்குப் பின்னும், இடையே காற்று புகும் இடைவெளியும் இருக்க வேண்டும். வரிசை மாறினால் உறிஞ்சும் கண்ணாடி முழு வெப்பத்தையும் தாங்க நேரிட்டு உடையும். அதைப் பட்டைகளாக வெட்டியே வாங்குங்கள். அது ஃபோகஸில் இல்லாததால் இணைப்புக் கோடுகள் திரையில் விழாது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும், உறிஞ்சும் இழப்பு அதற்கு மேல். ஆகவே அதைக் கழற்றி மாட்டும் வகையில் வைத்து, கறுப்பு வெள்ளைக்கு மட்டும் பயன்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

குவியும் கற்றையில் 3 மி.மீ. கண்ணாடி ஒன்று குவியத்தை ஏறத்தாழ 1 மி.மீ. பின்தள்ளும் என்பதால், பொருத்தி முடித்ததும் ஃபிலிம் இல்லாமல் திரையைப் பார்த்து விளக்கின் ஃபோகஸை மீண்டும் சரிசெய்யுங்கள். அதற்கு வெளிப்புறக் குமிழ்களே போதும். லேம்ப் ஹவுஸைத் திறக்கும் வேலை எதுவாயினும் முகம் முழுவதையும் மறைக்கும் பாதுகாப்புக் கவசம் கட்டாயம், செனான் விளக்கு குளிர்ந்த நிலையிலும் உயர் அழுத்தத்தில்தான் இருக்கிறது.