மூன்றாம் தலைமுறை பிரியஸ்: கியர் பெட்டி ஒயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

வலிகாமத்து ஓட்டி (கேள்வி)

வணக்கம் உறவுகளே. என்னிடம் 2012ஆம் ஆண்டு ரொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) ஒன்று உள்ளது. யப்பானில் பாவித்த பின் இறக்குமதி செய்யப்பட்ட மூன்றாம் தலைமுறை வாகனம்; 1.8 லீற்றர் எஞ்சின். மாதத்தில் இரண்டு தடவையாவது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் வருகிறேன். இப்போது 134,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றி வந்தாலும், கியர் பெட்டியின் ஒயிலை யாராவது எப்போதாவது மாற்றினார்களா என்பதற்கு என்னிடம் எந்தப் பதிவும் இல்லை.

சென்ற மாதம் இது பற்றி இரண்டு இடங்களில் விசாரித்தேன். முதலாவது கராஜில், அது வாகனத்தின் ஆயுள் முழுவதற்குமான ஒயில், அதைத் தொடவே கூடாது என்றார்கள். இரண்டாவது இடத்தில், இயந்திரம் ஒன்றைப் பூட்டி 10 லீற்றர் புதிய ஒயிலை உள்ளே தள்ளிக் கழுவினால்தான் பழையது முழுமையாக வெளியேறும் என்று சொல்லி, நான் எதிர்பாராத ஒரு தொகையைக் கேட்டார்கள். இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் எதை நம்புவதென்று தெரியவில்லை.

எஞ்சின் ஒயிலை நான் வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றுபவன். இந்த வேலையையும் நானே செய்யலாமா, அல்லது செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்தக் கம்பிகள் பக்கத்தில் ஓடுவதால் உயிருக்கு ஆபத்தா? எந்த ஒயில், எவ்வளவு தேவை? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பழைய கராஜ்

தம்பி, முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சாதாரண ஓட்டோ கியர் வாகனத்தில் இருக்கும் டோர்க் கன்வேர்ட்டரோ (எஞ்சினின் விசையை ஒயில் மூலம் கடத்தும் பகுதி), கிளச் தட்டுகளோ, சிவிரி (படிகளின்றி வேகம் மாற்றும் கியர் பெட்டி) வாகனத்தில் இருக்கும் உருக்குப் பட்டியோ உங்கள் பிரியஸில் இல்லை. அதில் இருப்பவை இரண்டு மின் மோட்டார்களும், எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்கும் ஒரு மோட்டாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கோள் பற்சில்லுத் தொகுதியும்தான். நடுப் பற்சில்லில் சிறிய மோட்டாரும், அதைச் சுற்றும் சில்லுகளின் தாங்கியில் எஞ்சினும், வெளி வளையத்தில் சக்கரங்களும் இணைந்திருக்கின்றன. இவை எப்போதும் ஒன்றோடொன்று கடித்தபடியே சுழல்வதால், அங்கே கியர் மாறுவது என்ற ஒன்றே கிடையாது.

ஆகவே அந்த ஒயிலுக்கு இரண்டு வேலைகள்தான். பற்சில்லுகளையும் பெயரிங்குகளையும் வழுக்க வைப்பது ஒன்று. மோட்டார்களின் செப்புச் சுற்றுகளில் பட்டு, அவற்றின் சூட்டை வாங்கிப் பெட்டியின் சுவருக்குக் கொண்டுபோவது மற்றையது. உங்கள் வாகனத்தின் பெரிய மோட்டார் 60 கிலோவாட் வலுவுடையது. 650 வோல்ட் வரை வாங்கி, நிமிடத்துக்கு 13,500 தடவை வரை சுழலக் கூடியது. அவ்வளவு வேகத்தில் வேலை செய்யும் பகுதியை நனைக்கும் ஒயிலில் உலோகத் துகள் சேர்ந்தால் அது யாருக்கும் நல்லதல்ல.

கழுவும் இயந்திரம் தேவையில்லை என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. சாதாரண ஓட்டோ கியரில் அடைப்பானைத் திறந்துவிட்டால், டோர்க் கன்வேர்ட்டருக்குள் தேங்கியிருக்கும் பழைய ஒயில் வெளியே வராது. அதற்காகத்தான் அந்த இயந்திரம் வந்தது. உங்கள் பெட்டியில் அப்படித் தேங்க இடமில்லாததால், அடியில் திறந்துவிட்டாலே ஏறத்தாழ முழுவதும் இறங்கிவிடும். ஏறக்குறைய 3.4 லீற்றர் பிடிக்கும் பெட்டிக்கு எதற்கு 10 லீற்றர்?

ஆயுள் முழுவதற்குமான ஒயில் என்று சொன்னவர்களை நான் முற்றாகக் குறை சொல்ல மாட்டேன்; சாதாரண பாவனைக்கு இந்த ஒயிலை மாற்ற வேண்டிய கால அட்டவணையைப் பல நாடுகளின் சேவிஸ் புத்தகங்களில் காண முடியாது. ஆனால் புதிய பற்சில்லுகள் ஒன்றோடொன்று பழகும் முதல் காலத்திலேயே அதிக துகள் உதிரும் என்பதால், முதலாவது மாற்றத்தை 100,000 கிலோமீற்றருக்குள் செய்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

ரொறன்ரோ பிரியஸ்

வணக்கம் சகோதரம். நான் இங்கே 2011ஆம் ஆண்டு பிரியஸில் இதை இரண்டு தடவை செய்திருக்கிறேன். உங்கள் வாகனத்தில் ஸ்ரியரிங் வலப்பக்கம் இருந்தாலும் கியர் பெட்டி இருக்கும் இடம் ஒன்றுதான்: வாகனம் ஓடும் திசையில் முன்னோக்கிப் பார்த்தால் இடப்பக்கம், இன்வேர்ட்டர் (பற்றரியின் மின்சாரத்தை மோட்டார்களுக்கு ஏற்றபடி மாற்றும்) பெட்டிக்கு நேர் கீழே.

ஒயில் விடயத்தில் சமரசமே வேண்டாம். ரொயோட்டாவின் ஏ.ரி.எஃப். டபிள்யூ.எஸ். என்ற ஒயிலையே வாங்குங்கள். அது மிகவும் ஐதான ஒயில். பழைய வாகனங்களுக்கான ரி-4 வகையை அதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது. 4 லீற்றர் தகரம் ஒன்று போதும், மிச்சமும் வரும். அத்துடன் இரண்டு அடைப்பான்களுக்கும் புதிய வாஷர்கள், 24 மில்லிமீற்றர் சொக்கெட், டோர்க் றெஞ்ச் (இறுக்கத்தை அளந்து பூட்டும் றெஞ்ச்), புனல், ஒன்றரை மீற்றர் நீளமான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மஞ்சள் கம்பிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வேலையில் அவற்றில் ஒன்றையேனும் கழற்றவோ தொடவோ தேவையில்லை. உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. வாகனம் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால், வாகனம் அசைவற்றுச் சத்தமின்றி நின்றாலும் பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். கீழே படுத்திருப்பவருக்கு அது எவ்வளவு பயங்கரம் என்று சொல்லத் தேவையில்லை. எனவே வாகனத்தை முற்றாக நிறுத்திவிட்டுத் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். மேலதிகப் பாதுகாப்புக்காகப் பின்புறத்திலுள்ள 12 வோல்ட் பற்றரியைக் கழற்றுவதாக இருந்தால், பின் கதவை மூடிவிடாதீர்கள். அதன் பூட்டு மின்சாரத்தில் திறப்பது.

இனி வேலை. சிறிது தூரம் ஓடி ஒயிலை இளஞ்சூடாக்கி, புகைக்குழாய் ஆறும் வரை அரை மணி நேரம் பொறுங்கள். அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பெட்டியின் முன்முகத்தில் நிரப்பும் அடைப்பானும், அடியில் வடிக்கும் அடைப்பானும் தெரியும். எஞ்சின் ஒயிலின் போல்ட் இதைவிடச் சிறியது, வலப்பக்கம் தள்ளியிருப்பது. இரண்டையும் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். இளஞ்சிவப்பு நிறத் திரவம் நீர் போல வந்தால் அது குளிரூட்டும் திரவம், உடனே மூடிவிடுங்கள்.

வடிந்த ஒயிலை அளவுக் கோடுள்ள பாத்திரத்தில் பிடித்து, எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழ் அடைப்பானைப் புதிய வாஷருடன் பூட்டிய பின், குழாயை எஞ்சின் பகுதியின் மேலிருந்து கீழே விட்டு நிரப்பும் துளைக்குள் செருகி, மேலே புனல் வைத்து ஊற்றினால் தன் பாரத்திலேயே இறங்கும். அவசரப்படாமல் ஊற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பால் மெல்லிய நூலாக வழியத் தொடங்கினால் பெட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். அந்த வழிவு சொட்டுச் சொட்டாகக் குறைந்ததும் மூடிவிடலாம். இரண்டு அடைப்பான்களுக்கும் இறுக்கம் 39 நியூட்டன் மீற்றர். பெட்டி அலுமினியத்தால் ஆனது என்பதை மறந்து கைப்பலம் முழுவதையும் காட்டினால் புரி அழிந்துவிடும்.

பருத்தித்துறை வீதி

மேலே சகோதரர் எழுதியதில் ஒரு விடயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த அடைப்பானை முதலில் திறப்பது? நிரப்பும் அடைப்பானைத்தான். ஒரு கராஜில் என் கண்ணெதிரே நடந்ததை வைத்துச் சொல்கிறேன். அங்கு வேலை செய்த பையன் கீழே திறந்து ஒயில் முழுவதையும் வடித்துவிட்ட பிறகே மேல் அடைப்பானில் கைவைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக எவரும் தொடாத அந்த அடைப்பான் அசையவில்லை. றெஞ்சின் கைப்பிடியில் நீண்ட குழாயைக் கொழுவி இழுத்தபோது சொக்கெட் வழுக்கி, அடைப்பானின் ஆறு மூலைகளும் உருண்டைகளாகிவிட்டன. உள்ளே ஒயில் இல்லை, ஊற்ற வழியும் இல்லை, வாகனத்தை வெளியே எடுக்கவும் முடியாது. என் கார் அந்த இடத்திலேயே நான்கு நாட்கள் நின்றது. மேல் அடைப்பானை முதலில் முயன்று அது அசையாதிருந்தால், பழைய ஒயிலுடனேயே வீட்டுக்குப் போயிருப்பேன், அவ்வளவுதான்.

அடுத்தது வாகனத்தை உயர்த்துவது. பிரியஸில் 'பி' (பார்க்கிங்) பொத்தானை அழுத்தினால் பூட்டப்படுவது கியர் பெட்டி, அதாவது முன் சக்கரங்கள் மட்டுமே. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்திய கணத்திலிருந்து அந்தப் பூட்டால் பயனில்லை. நிலத்தில் நிற்கும் பின் சக்கரங்கள் தாராளமாக உருளும். காலால் மிதிக்கும் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பதால், அதை முழுவதும் மிதித்துவிட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். ஸ்ராண்ட் வைத்து, வாகனத்தைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே படுங்கள்.

முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி நிரப்பினால் மட்டம் பிழைக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். வடிப்பதற்குச் சரிவு பரவாயில்லை, நிரப்பும்போது நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வீட்டில் நான்கு ஸ்ராண்டுகளும் சீமெந்துத் தரையும் இல்லையென்றால், முற்றத்து மணலில் இதைச் செய்ய வேண்டாம் என்று உரிமையுடன் கேட்டுக்கொள்கிறேன். குழியுள்ள சேவிஸ் நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு இடம் கேட்டுச் செய்வது எவ்வளவோ மேல்.

பழைய ஒயிலை வேலியோரத்தில் ஊற்றிவிடாதீர்கள். நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்தபோது பட்ட பாடு நம் எவருக்கும் மறந்திருக்காது. போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் சேவிஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

மட்டக்களப்பு வெசல்

பயனுள்ள உரையாடல், நன்றி. என்னிடம் இருப்பது ஹொண்டா வெசல் ஹைபிரிட். இதே முறையை அதற்கும் பின்பற்றலாமா?

பழைய கராஜ்

வேண்டாம் தம்பி. ஹைபிரிட் என்ற சொல் ஒன்றுதான் பொது, பெட்டி வேறு. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச்சுடன் கூடிய 7 வேகக் கியர் பெட்டி. அதே நிறுவனத்தின் முதலாவது ஃபிட் ஹைபிரிட்டில் பட்டியில் ஓடும் சிவிரி. சுசுக்கி வாகன் ஆர் ஹைபிரிட்டிலும் சிவிரிதான். ஒவ்வொன்றுக்கும் ஒயிலும் வேறு, மட்டம் பார்க்கும் முறையும் வேறு. நாங்கள் இங்கே பேசியது ரொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸைப் பற்றி மட்டுமே. ரொயோட்டாவின் முதல் தலைமுறை அக்குவாவின் பெட்டி இதே தத்துவத்தில் அமைந்தது, ஒயிலும் டபிள்யூ.எஸ். தான், என்றாலும் அளவை அதன் கைந்நூலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலிகாமத்து ஓட்டி

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட்டேன். பருத்தித்துறை வீதி அண்ணை சொன்னதைக் கேட்டு முற்றத்தை விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் சேவிஸ் குழியில் வைத்துச் செய்தேன்.

மேல் அடைப்பான் எனக்கும் இலேசில் அசையவில்லை. முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்திருந்ததால், சொக்கெட்டை முழுவதும் உட்காரச் செய்து, ஒரே இழுவையாக இழுத்தபோது 'டக்' என்ற சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகே கீழ் அடைப்பானில் கைவைத்தேன்.

வடிந்தது 3.2 லீற்றர். தகரத்திலிருந்த புதிய ஒயில் கண்ணாடி போன்ற சிவப்பு. வெளியே வந்தது நன்றாகச் சாயம் ஏறிய பிளேன்ரீயைவிடக் கறுப்பு. ஒரு துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்து வெயிலில் பிடித்தபோது, மீன் செதிலின் மினுக்கம் போல மிக நுண்ணிய சாம்பல் பொடி விரல் ரேகைகளுக்குள் படிந்திருந்தது. நறநறப்பு எதுவும் இல்லை, உலோகச் சீவலும் இல்லை. இருந்தாலும் அதைப் பார்த்த பிறகு, ஆயுள் முழுவதற்குமானது என்ற பேச்சை நான் இனி ஏற்க மாட்டேன்.

புதிதாக 3.4 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றிய பின்பே துளையால் வழிந்தது; அதாவது முன்பு சிறிது குறைவாகவே இருந்திருக்கிறது. மறுநாள் வவுனியா வரை ஓடித் திரும்பி, இரண்டு அடைப்பான்களின் கீழும் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. பழைய ஒயிலைக் குழிக்காரரின் பீப்பாவிலேயே சேர்த்துவிட்டேன். மாற்றிய திகதியையும் 134,620 என்ற கிலோமீற்றரையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, அடுத்து யார் திறந்தாலும் கண்ணில் படும்படி பொனற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன்.