ஒரே நகரம், மூன்று தாங்குதிறன் எண்கள்: எல்லையை எங்கே போடுவது?

வணக்கம். ஒரு நகரத்தின் நிலம் எத்தனை பேரை நீடித்துத் தாங்கும் என்ற கணக்கில் முட்டி நிற்கிறேன். ஒவ்வொரு முறைக்கும் ஒரு விடை, ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

ஆற்றுச் சமவெளியில் உள்ள நடுத்தர நகரம். நிலப்பயன்பாட்டு வரைபடத்தை 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் தயாரித்தேன். மழை, நிலத்தடி நீர்மட்டத் தரவுகள் கையில் உள்ளன.

முதலில் ரீஸ், வாக்கர்நாகல் வகுத்த சூழலியல் தடக் கணக்கை (மக்களின் நுகர்வுக்கு எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் தேவை என்பதை) போட்டேன். உணவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதால் நகர எல்லைக்குள் கணக்கு தேறவே இல்லை. பிறகு வெள்ளப்பகுதி, சதுப்பு, விளைநிலம் கழித்து மிஞ்சிய நிலத்தை மக்கள் அடர்த்தியால் பெருக்கினேன். அதில் நான் தேர்ந்தெடுக்கும் அடர்த்திதான் விடையாக வருகிறது.

நீர்தான் பெரிய சிக்கல். நீர்ப் பற்றாக்குறையை அளக்கும் ஃபால்கன்மார்க் அளவுகோலின்படி ஆளுக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டர் வேண்டும்; குறைந்தால் நெருக்கடி. பாசனமும் இதில் அடக்கம். வீட்டுத் தேவை மட்டும், நாளுக்கு 100 லிட்டர் என்றால், ஆண்டுக்கு 36.5 கன மீட்டர்தான். அளவுகோலை மாற்றியதுமே மக்கள்தொகை நாற்பது மடங்குக்கு மேல் எகிறுகிறது! சராசரி மழையை விட்டு வறட்சி ஆண்டின் மழையை எடுத்தும் பார்த்தேன் (தவிப்பு அந்த ஆண்டில்தானே). இரண்டு விடையும் குறைந்தன, அந்த நாற்பது மடங்கு இடைவெளி அப்படியே இருக்கிறது.

இப்படிப்பட்ட நகரத்துக்கு நீரையும் உணவையும் நிர்வாக எல்லைக்குள் கணக்கிடுவதா, ஆற்றின் முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் கணக்கிடுவதா?