போலீஸ் வயர்லெஸ், ஃபயர் வயர்லெஸ், நம்ம வாட்சப் குரூப்: எல்லாரும் ஒரே இடத்துல பாதுகாப்பா பேச வழி இருக்கா?

வேதாரண்யம்_படகு கேட்டது:

வணக்கம் மக்களே, ஊர்ல ஒரு சின்ன மீட்புக் குழுல இருக்கேன், படகு, கயிறு, ஜெனரேட்டர்னு கையில இருக்கறத வச்சு ஓட்டுறோம். கஜா 2018 நவம்பர் 16 விடிகாலைல கரை ஏறுனப்போ லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் சாஞ்சு டவரும் செத்துப்போய் யாருக்கும் யாரையும் கூப்பிட முடியல, அது ஒரு மாதிரி கஷ்டம். இப்ப வர்ற கஷ்டம் அதுக்கு நேர் எதிர். மழை சீசன் வந்தா போதும், குரூப் மேல குரூப். ரெவின்யூ ஆளுங்க இருக்கற குரூப் ஒண்ணு, ஃபயர் ஆளுங்களோடது ஒண்ணு, மீனவர் பஞ்சாயத்து ஒண்ணு, எங்களோடது ஒண்ணு. ஒண்ணுல "மாடில ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க"ன்னு வரும், இன்னொண்ணுல அந்த ரெண்டு பேரையும் இறக்கியாச்சுன்னு வரும், ஆனா முதல் மெசேஜ் மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஃபார்வர்ட் ஆகிட்டே இருக்கும், நம்ம படகு டீசலை எரிச்சுக்கிட்டு அங்க போய் நிக்கும்.

இன்னொண்ணு, நாங்க தூக்கிட்டு வந்த ஒரு வயசான அம்மாவோட போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டோட சேர்த்து ஊரெல்லாம் சுத்திருச்சு. அவங்க மகன் வந்து கேட்டப்ப பதில் சொல்ல முடியல.

வெளிநாட்டுல போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லாம் எப்படி ஒண்ணா பேசுறாங்க? நம்ம அளவுக்கு ஏதாவது ஆப் இருந்தா சொல்லுங்க.

---

டவர்மேல்_உட்கார்ந்தவன்:

அண்ணே, டெலிகாம்ல வேலை பார்க்கறதால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஐரோப்பால நிறைய நாட்டுல டெட்ரான்னு ஒரு டிஜிட்டல் ரேடியோ, மூணு சர்வீஸும் அதுலதான். அமெரிக்கால 2012-ல சட்டம் போட்டு ஃபர்ஸ்ட்நெட்னு தனி நெட்வொர்க், 2017-ல ஏடி அண்ட் டி கிட்ட குடுத்தாங்க, 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேண்ட் 14-ல 20 மெகாஹெர்ட்ஸ் இதுக்குன்னே ஒதுக்குனது. ஜனங்க எல்லாம் ஒரே நேரத்துல போன் போட்டு நெட்வொர்க் திணறுறப்போ நம்ம கால் கட்டாகும், ஃபயர்காரர் கால் உள்ள போகும். 4ஜி மேலயே வாக்கி டாக்கி மாதிரி பட்டன் அமுக்கிப் பேசுறதுக்கும், குரூப் டேட்டா, வீடியோ அனுப்புறதுக்கும் மொபைல் நெட்வொர்க்குக்கு விதி எழுதுற 3ஜிபிபி அமைப்பு ஸ்டாண்டர்டு போட்டு வருஷக்கணக்காச்சு.

செக்யூரிட்டின்னு கேட்டீங்கள்ல, அங்கதான் இருக்கு சிக்கல். டெட்ரால பேச்சை மறைச்சு அனுப்புற சைஃபர் முறை எல்லாம் ரகசியம், யாரும் உள்ள பார்க்கக் கூடாதுன்னு பல வருஷம் பூட்டியே வச்சிருந்தாங்க. 2023 ஜூலைல மிட்நைட் ப்ளூன்னு ஒரு டச்சு டீம் பிரிச்சுப் பார்த்தா, டிஇஏ1-ங்கற சைஃபர்ல 80 பிட் சாவின்னு சொல்லிட்டு உள்ள 32 பிட்டா சுருக்கி வச்சிருக்கு! சாதாரண லேப்டாப்பே நிமிஷக்கணக்குல உடைச்சிரும். அதுக்கப்புறம்தான் ஐரோப்பிய டெலிகாம் ஸ்டாண்டர்டு போடுற எட்சி அமைப்பு அந்த அல்காரிதத்தை வெளிய விட முடிவு பண்ணுச்சு.

அதே நேரம் நல்ல என்கிரிப்ஷன், அதாவது மறைச்சு அனுப்புறது, போட்டாலும் ஒரு வம்பு உண்டு. உங்க ரேடியோல ஒரு கீ (சாவி), பக்கத்து டிபார்ட்மெண்ட் ரேடியோல வேற கீன்னா, ரெண்டும் ஒரே மாடலா இருந்தாலும் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது. யார் யாருக்கு எந்த கீ, யார் மாத்துறது, ஆள் டிரான்ஸ்ஃபர் ஆனா ரேடியோவ யார் திரும்ப வாங்குறது, இத முன்னாடியே உட்கார்ந்து பேசணும். வெள்ளம் வந்தப்புறம் பேச முடியாது.

---

மான்செஸ்டர்_மழை:

நான் இங்கிலாந்து வந்து ரொம்ப வருஷமாச்சு. மேல சொன்ன டெட்ராதான் இங்க ஏர்வேவ்ங்கற பேர்ல ஓடுது. 2019-லயே அத நிறுத்திட்டு 4ஜிக்கு மாறப் போறோம்னு திட்டம் போட்டாங்க, இன்னும் ஏர்வேவ்தான்.

ஆனா படகு அண்ணே, சாமான் வாங்குனா பிரச்னை தீர்ந்திரும்னு நினைக்காதீங்க. 2017 மே 22 ராத்திரி இங்க மான்செஸ்டர் அரீனால குண்டு வெடிச்சு 22 பேர் செத்தாங்க. போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் மூணு பேர் கிட்டயும் ஏர்வேவ் இருந்துச்சு. ஒரே சிஸ்டம், என்கிரிப்டட், பொது டாக்குரூப், அதாவது எல்லாரும் சேர்ந்து பேசுற சேனல், போட்டுப் பேச வசதியும் உண்டு. என்ன நடந்துச்சு? மூணு கண்ட்ரோல் ரூமும் ஒரே டாக்குரூப்ல வந்து சேரவே இல்ல. போலீஸ் ட்யூட்டி ஆபீசர் ஒருத்தர் தலைமேல எல்லா வேலையும் விழுந்து, மத்தவங்க போன் அடிச்சா லைன் பிஸி. ஃபயர் ஸ்டேஷன் அரை மைல்ல இருக்கு, வண்டிய மூணு மைல் தள்ளி இருக்கற இன்னொரு ஸ்டேஷன்ல கூடச் சொல்லிட்டாங்க, துப்பாக்கிக்காரன் இன்னும் சுத்துறானோன்னு ஒரு பயம், இல்லைன்னு யாரும் சொல்லல. ஃபயர்காரங்க அங்க போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சர் ஜான் சாண்டர்ஸ் விசாரணை அறிக்கையோட ரெண்டாவது பாகம் 2022 நவம்பர்ல வந்துச்சு, இதத்தான் பக்கம் பக்கமா கிழிச்சிருக்காரு.

இத்தனைக்கும் ஜெசிப்னு மூணு சர்வீஸுக்கும் பொதுவான வேலை முறை அப்பவே எழுதி வச்சாச்சு. அதுல மெத்தேன்னு ஒரு ரிப்போர்ட் உண்டு: இது பெரிய சம்பவமா, சரியான இடம், என்ன வகை, என்ன ஆபத்து, எந்த வழியா உள்ள வரணும், எத்தன பேருக்கு அடி, யார் யார் வந்திருக்காங்க யார் வேணும், இதே வரிசைல சொல்லணும். உங்க குரூப்ல இத அப்படியே தமிழ்ல பின் பண்ணி வைங்க, செலவே இல்ல.

---

சும்மா_கேட்டேன்:

9/11-ல போலீஸ் ஹெலிகாப்டர் மேல இருந்து டவர் விழப்போகுதுன்னு சொன்னது ஃபயர்காரங்களுக்குக் கேக்காததாலதான் 343 பேர் செத்தாங்கன்னு படிச்சிருக்கேன், அப்ப சாமான்தானே முக்கியம்?

---

டவர்மேல்_உட்கார்ந்தவன்:

பாதி உண்மை. போலீஸ் ரேடியோவும் ஃபயர் ரேடியோவும் தனித்தனியா ஓடுனது நிஜம். ஆனா 2004-ல வந்த கமிஷன் ரிப்போர்ட்ட படிங்க. பில்டிங் உள்ள சிக்னல் தூக்கிக் குடுக்க ஒரு ரிப்பீட்டர் வச்சிருந்தாங்க, அதுல ரெண்டு பட்டன். முதல் பட்டன் போட்டாச்சு, லாபில இருக்கற ஹேண்ட்செட்ட வேலை செய்ய வைக்கற ரெண்டாவது பட்டன போடல. பேசிப் பார்த்தா கேக்கல, உடனே ரிப்பீட்டர் ரிப்பேர்னு முடிவு பண்ணி வடக்கு டவர்ல அத விட்டுட்டாங்க. தெற்கு டவர் 9:59-க்கு விழுந்துச்சு, வடக்கு 10:28-க்கு. நடுவுல இருக்கற அந்த 29 நிமிஷத்துல வடக்கு டவர் உள்ள இருந்த நிறைய பேருக்குப் பக்கத்து டவர் விழுந்ததே தெரியாது. அதனால மான்செஸ்டர் அண்ணன் சொல்றது சரிதான், சாமானும் வேணும், அத அடிக்கடி தொட்டுப் பழகவும் வேணும்.

---

73_சொல்லிட்டுப்போ:

ஹாம்ங்கற அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ்காரன் பேசுறேன். டவர் செத்தா எந்த ஆப்பும் செத்துரும், அத மறந்துட்டு ஆப் தேடாதீங்க. வாட்சப்பே 2021 அக்டோபர் 4-ல உலகம் பூரா ஆறு மணி நேரம் படுத்துச்சே, அன்னிக்கு மழை இல்லாம போச்சு. 2004 சுனாமி அப்ப அந்தமான்ல இருந்து வெளிய சேதி வர ஹாம் ஆளுங்க எவ்வளவு உதவுனாங்கன்னு பெரியவங்க கிட்ட கேளுங்க.

ஆனா ஒண்ணு, ஹாம்ல மறைச்சுப் பேசக் கூடாது, சர்வதேச விதியே அப்படித்தான். யார் வேணா கேக்கலாம். அதனால "3-ம் நம்பர் முகாம், டயாலிசிஸ் கேஸ் ஒண்ணு, வண்டி வேணும்" அவ்வளவுதான் சொல்லணும், பேர், வீடு, சாதி, நோய் விவரம்னு கதை சொல்லக் கூடாது தம்பி.

---

வேதாரண்யம்_படகு:

எல்லாருக்கும் நன்றி. மெத்தேன் மேட்டர் புடிச்சிருக்கு. ஆனா பழைய மெசேஜ் சுத்துற பிரச்னைக்கு ஒரு வழி சொல்லுங்களேன், அதுதான் எங்க டீசலத் திங்குது.

---

டவர்மேல்_உட்கார்ந்தவன்:

அதுக்கு கேப்னு ஒரு பொது அலர்ட் ஃபார்மேட் இருக்கு, காமன் அலர்ட்டிங் புரோட்டோகால், 1.2 வெர்ஷன் 2010-ல வந்துச்சு, நம்ம நாட்டு அரசோட சசேத் பேரிடர் எச்சரிக்கை கூட அதுலதான் வருது. அதுல ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு அடையாள எண், அனுப்புன நேரம், எப்ப காலாவதி ஆகும்னு ஒரு நேரமும் போடலாம். அடுத்த மெசேஜ் போட்டா இது புதுசா, பழசுக்கு அப்டேட்டா, பழசு ரத்தான்னு சொல்லி, எந்த எண்ணுக்குன்னு காட்டணும். சாஃப்ட்வேர் இல்லாமலே நீங்க இத வாட்சப்ல செய்யலாம்: "ப-14, புதுசு, 10:20" அப்புறம் "ப-14, முடிஞ்சது, 11:05". எண் இல்லாம வர்ற ஃபார்வர்டுக்குப் படகு கிளம்பாதுன்னு கறாரா இருங்க.

ஆப் கேட்டீங்கள்ல, மேட்ரிக்ஸ்னு ஒரு மெசேஜ் சிஸ்டம் பாருங்க. பிரான்ஸ் அரசு ஊழியர்களோட ட்சாப், ஜெர்மன் ராணுவத்தோட மெசஞ்சர் ரெண்டும் அதுல கட்டுனதுதான். ஒவ்வொரு அமைப்பும் தன் சர்வர தானே வச்சுக்கிட்டு அடுத்தவங்களோட பேசலாம், போன்ல இருந்து போனுக்கு என்கிரிப்ஷன். ஆனா வாட்சப்போட இணைக்க நடுவுல பிரிட்ஜ் போட்டீங்கன்னா, பொதுவா அந்த பிரிட்ஜ் ஓடுற சர்வர்ல மெசேஜ் திறந்துதான் மறுபடி மூடும், அங்க எல்லாம் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறவன எந்த என்கிரிப்ஷனும் தடுக்காது, அந்த அம்மா போட்டோ அப்படித்தான் போயிருக்கும். முகம் தெரியற போட்டோ குரூப்ல வேண்டாம்னு ரூல் போட்டு, மீறுனா வெளிய அனுப்புங்க.

---

வேதாரண்யம்_படகு:

எண்ண யார் குடுக்கறது, நாங்களேவா?

---

மான்செஸ்டர்_மழை:

நீங்க ஒரு எண், பஞ்சாயத்து ஒரு எண்ணுன்னு ஆரம்பிச்சா மறுபடி அதே கூத்துதான். கலெக்டர் ஆபீஸ் 1077-ல பதியற எண்ணையே எல்லாரும் வச்சுக்கலாமான்னு அக்டோபருக்கு முன்னாடி போய்க் கேளுங்க, ஃபயர் ஸ்டேஷன் ஆபீசரையும் கூட்டிட்டுப் போங்க. தனியா போனா மனு வாங்கி வச்சுக்குவாங்க.