பைபாஸை அகலப்படுத்தும்போது லாரியெல்லாம் நம்ம ஊருக்குள்தான் வருமா?

சிங்காநல்லூர்க்காரன்:
கோவையின் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் இன்னும் இருவழிப் பாதைதான், ஆறு வழியாக அகலப்படுத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லைங்க. ஆனால் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டுவிட்டால், சேலத்திலிருந்து பாலக்காடு போகிற லாரியெல்லாம் எங்கே போகும்? திருச்சி ரோட்டில் திரும்பி ஒண்டிப்புதூர் வழியாக எங்கள் வாசலுக்குத்தானே? இப்போதே சாயங்காலம் சிக்னலைத் தாண்டுவதற்குள் உயிர் போகிறது.

சூலூர் மாப்ள:
அகலத்தை விடுங்க, குறுக்கே வெட்டுகிற இடங்கள்தான் தலைவலி. சிந்தாமணிப்புதூரில் நின்று பாருங்கள், சூலூர் பஸ் ஒரு பக்கம், நேராகப் போகிற டேங்கர் ஒரு பக்கம், நடுவில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்த ஸ்கூட்டர். ஈச்சனாரியில் பொள்ளாச்சி ரோட்டு வண்டியும் இதே கதைதான். அங்கெல்லாம் பாலமோ சுரங்கப்பாதையோ இல்லாமல் ஆறு வழி போட்டால், வேகமாக வந்து அதே இடத்தில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

பீளமேடு அண்ணாச்சி:
அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்குத் தூண் போட்டபோது நாங்கள் பட்டதைக் கேளுங்க. 10 கிலோமீட்டர் பாலம் வந்தது, நல்லதுதான், ஆனால் கோல்டுவின்ஸில் இறங்கினதும் நீலாம்பூர் வரை மறுபடி தரைதான்.

சிங்காநல்லூர்க்காரன்:
சரிங்க, அப்போ முதலில் சர்வீஸ் ரோடு, அப்புறம் தோண்டுவது, பகலில் லாரி ஊருக்குள் வரக்கூடாது. இதை எழுதித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், யாரெல்லாம் வர்றீங்க?