பிரஞ்ச், சைடு டிஷ்: வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, விடுமுறை நாள் பிரஞ்சுக்கான (பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச் இரண்டையும் ஒன்றாக்கிய வேளை) சமையல் குறிப்புகள் 40 பக்கம் என் மேசையில் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டும். முதல் படியில் ‘பிரஞ்ச்’ என்றே விட்டிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் அதை எழுத்துப்பிழை என்று கருதி எல்லா இடத்திலும் ‘பிரெஞ்சு’ ஆக்கிவிட்டார். இப்போது தலைப்பு ‘பிரெஞ்சு விருந்துக்கேற்ற 12 பக்க உணவுகள்’ என்று நிற்கிறது. ‘பக்க உணவு’ என் கைவரிசைதான். பக்கவிளைவு போல் ஒலிக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இரண்டுக்கும் சொல் தாருங்கள்.

இலக்கண ஆசிரியர்:
சொல்லைத் தேடும் முன் பொழுதைத் தேடுங்கள் அம்மா. ஒரு நாளின் பிரிவான சிறுபொழுது ஆறு, ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். காலை 6 முதல் 10 வரை, நண்பகல் 10 முதல் 2 வரை. உங்கள் பிரஞ்ச் 11 மணிக்கு என்றால் அது நண்பகலுக்குள் அடங்கிவிட்டது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவே பெயரில்லாமல் தவிப்பது ஆங்கிலத்தின் சிக்கல். ‘நண்பகலுண்டி’ என்று எழுதுங்கள்.

மென்பொருள்காரர்:
ஐயா, இன்று நண்பகல் என்றால் எல்லாரும் 12 மணி என்றே கொள்வார்கள். அழைப்பிதழில் போட்டால் 12 மணிக்குத்தான் வருவார்கள். 11 மணிக்கு இறக்கிய முட்டை ஆறிக் கிடக்கும். அவர்கள் இரண்டு சொல்லைப் பிசைந்ததுபோல் நாமும் பிசைவோம். காலை, மதியம் இரண்டும் சேர்ந்தால் ‘காதியம்’.

இலக்கண ஆசிரியர்:
காதியம் துணிக்கடைப் பெயர்ப்பலகை. அருமருந்தன்ன என்பது அருமந்த ஆனதும், சோழநாடு சோணாடு ஆனதும் மக்கள் வாயில் கிடந்து தேய்ந்ததால். மரூஉ, அதாவது வழக்கில் திரிந்த சொல், தானாகத் தேய வேண்டும். நாம் அரம் வைத்துத் தேய்க்கக் கூடாது.

மென்பொருள்காரர்:
ஆங்கிலத்தில் அரம் வைத்தார்களே! 1895இல் கை பெரிஞ்சர் என்பவர் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் அச்சேறியது. சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு காலையில் எழ வேண்டாம், சற்றுத் தாமதமாக ஒரே வேளையாகச் சாப்பிடட்டும் என்று வாதாடினார். சொல் இன்றுவரை ஓடுகிறது.

பதிப்பாசிரியை:
பெரிஞ்சரின் கவலை கடிகாரத்தைப் பற்றி இல்லை, தூக்கத்தைப் பற்றி. ஆகவே நாழிகைக் கணக்கை விட்டுவிட்டு ‘முற்பகல் விருந்து’ என்று போடுங்கள். ‘உணவு’ வேண்டாம், மருத்துவமனை அட்டவணை மாதிரி இருக்கிறது. சைடு டிஷுக்குத்தான் ‘தொடுகறி’ இருக்கிறதே?

மொழிபெயர்ப்பாளர்:
தொடுகறிதான் என் முதல் ஆசை. ஆனால் பன்னிரண்டில் மூன்று பழக்கலவை. எலுமிச்சைச் சாறு தெளித்த ஆப்பிள் துண்டைக் கறி என்றால் படிப்பவர் இறைச்சியைத் தேடுவார்.

இலக்கண ஆசிரியர்:
பட்டினப்பாலையின் ‘காலின் வந்த கருங்கறி மூடை’ மிளகு மூட்டை. கறித்தல் என்றால் கடித்தல். ஆப்பிளைக் கடிக்காமல் விழுங்குவார்களா?

நூலகர்:
வெஞ்சனத்தை ஒருவரும் எடுக்கவில்லையே! சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்குப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல். மூலம் வியஞ்சனம். வடமொழியில் அதற்கு மெய்யெழுத்து என்றும் பொருள். உயிர் தனித்து ஒலிக்கும், மெய் அதைச் சார்ந்தே ஒலிக்கும். அப்படியென்றால் முதன்மை உணவு உயிர், வெஞ்சனம் மெய். ஆய்தம் ஊறுகாயா என்று கேட்காதீர்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வடசொல் என்று யாரும் முகம் சுளிக்கவும் வேண்டாம். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கலாம் என்று தொல்காப்பியரே வாசல் திறந்திருக்கிறார்.

இலக்கண ஆசிரியர்:
வாசல் திறந்திருப்பது சொல் இல்லாத வீட்டுக்காரனுக்கு. நமக்குத் தொடுகறி இருக்கிறது. இன்னொன்று: ‘விருந்தை உண்டு மகிழ’ என்று முன்னுரையில் இருக்கிறது. ரொட்டியைத் தின்கிறோம், காபியைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். இவை எல்லாம் சேர்ந்த அடிசிலுக்கு (உணவுக்கு) ‘அயின்றார், மிசைந்தார்’ என்ற பொதுவினையே வேண்டும் என்பார்கள் உரைகாரர்கள். ‘மிசைந்து மகிழ’ என்று திருத்துங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
திருத்தலாம் ஐயா. மெய்ப்புத் திருத்துபவர் அதை ‘இசைந்து’ ஆக்கிவிடுவார்.

அடுமனைக்காரர்:
நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். நான் நேற்று 7ஆம் குறிப்பைச் செய்தே பார்த்துவிட்டேன். உருளைக்கிழங்குத் துண்டுகளை உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்ட நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பில் ‘மெதுவாகக் கலக்கவும்’ என்று இருக்கிறது. மெதுவாகக் கலக்கினேன்; வழவழவென்று வெளியே வந்தது. அடுத்த முறை எண்ணெய் விட்டு, பாத்திரத்தை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். சோடாவில் வெந்து இளகிய மேற்புறம் மசிந்து துண்டெல்லாம் கூழ் பூசியதுபோல் ஆனது. அந்தப் பூச்சுதான் பின்னால் மொறுமொறுப்பாகிறது. ‘குலுக்கவும்’ என்று மாற்றுங்கள். ‘வறுத்த’ என்பதும் சரியில்லை. வறுப்பது சட்டியில், பொரிப்பது எண்ணெயில். இது நாற்புறமும் சூழ்ந்த வெக்கையில் வேகிறது, ‘சுட்ட’ என்பதே பக்கத்தில் வருகிறது. எல்லாம் போகட்டும், முதல் வரியைப் பார்த்தீர்களா? ‘அவனை 200 டிகிரிக்குச் சூடாக்கவும்.’ யாரை?

நூலகர்:
‘வெதுப்பி’ என்று போடலாமே. ஈழத்தில் பேக்கரிக்கு வெதுப்பகம் என்பார்கள்.

அடுமனைக்காரர்:
வெதுவெதுப்பான நீரில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். 200 டிகிரி என்ன வெதுவெதுப்பு? ‘ஓவன்’ போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு 11 மணி. முற்பகல் விருந்துக்கு நான்கு பேர், நண்பகலுண்டிக்கு ஒருவர், காதியத்துக்கு அதைப் பெற்றவர் மட்டும். சைடு டிஷைப் பிரித்துவிட்டேன்: ‘தொடுகறி 9, பழக்கலவை 3’. கிழங்கைக் குலுக்கியாயிற்று, அவன் ஓவனாகிவிட்டான். கோப்பு போய்விட்டது. அனைவருக்கும் நன்றி.

இலக்கண ஆசிரியர்:
பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். முற்பகல் 12 மணியோடு முடிகிறது. உங்கள் 5ஆம் குறிப்பில் பரிமாறும் நேரம் 12.30 என்று இருக்கிறது அம்மா.