ரேடியோ ஸ்கேனரில் கேட்ட ராணுவ விமானப் பேச்சு: இன்னும் மண்டையில் ஓடுகிற ஒன்றைச் சொல்லுங்கள்

நார்விச் நந்தன்:
இங்கிலாந்தில் லேக்கன்ஹீத் அமெரிக்கத் தளத்து எஃப்-15ஈ போர் விமானங்கள், வடகடல் மேலே, வழக்கமான சண்டைப் பயிற்சி. ‘ஃபாக்ஸ் த்ரீ’, ‘ஃபாக்ஸ் த்ரீ’ என்று வாயாலேயே ஏவுகணை விட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பாதிக் காதை மட்டும் கொடுத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருவர் ‘நாக் இட் ஆஃப், நாக் இட் ஆஃப், நாக் இட் ஆஃப்’ என்றார். கத்தவில்லை, பதறவில்லை, டோக்கன் எண் கூப்பிடுகிற குரல். பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்து என்று அர்த்தம். அதை எல்லோரும் வரிசைப்படி திருப்பிச் சொல்ல வேண்டும் இல்லையா, ஒன்றாம் நம்பர் விமானி சொன்னார், இரண்டு சொன்னார், மூன்றும் சொல்லிவிட்டார். நாலு வரவில்லை. ஒன்று மறுபடி கூப்பிட்டார், பதில் இல்லை. அப்புறம் எல்லோரும் வேறு அலைவரிசைக்குத் தாவிவிட்டார்கள், தேடித் தேடிப் பார்த்தேன், ஒட்டுக் கேட்க முடியாதபடி அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கிற ஹேவ் குவிக் முறையின் டிக் டிக் சத்தம்தான் மிச்சம். மறுநாள் செய்தியில் ஒன்றும் இல்லை, அப்படியானால் எல்லோரும் பத்திரமாக இறங்கியிருப்பார்கள். அது தெரியும். ஆனாலும் அந்த நாலாவது ஆளுக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் தோன்றும்.

கேம்பிரிட்ஜ் கவி:
என்னுடையது 2021 ஜனவரி 12. மதியம் ஒரு மணி சுமாருக்கு வந்த அந்த இடிச் சத்தம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். கோனிங்ஸ்பி தளத்து பிரிட்டிஷ் போர் விமானம் டைஃபூன் ஒலியை முந்திப் போனது, தொடர்பு அறுந்த ஒரு தனியார் ஜெட்டைப் பிடித்து ஸ்டான்ஸ்டெட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். எல்லோரும் அந்த இடியைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு இடி பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னால் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் ஒரு அம்மா அந்த விமானத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரே வாக்கியம், ஒரே நிதானம், நடுநடுவே பதிலுக்காகக் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கும் அந்த விமானத்துக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்! ஜன்னல் அதிர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கேஸ் வெடித்துவிட்டது என்று தெருவுக்கு ஓடி வந்தார்கள், நான் மட்டும் ‘சரி, டைஃபூன் கிளம்பிவிட்டது’ என்று நினைத்தேன்.

கோவை ராத்திரி:
உங்களுக்கெல்லாம் ராணுவ விமானங்கள் பேசுகிற யுஎச்எஃப் நேரடியாகக் கிடைக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். நான் நெதர்லாந்து ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் என்கிற இணைய ரேடியோவைத் திறந்து 8992 கிலோஹெர்ட்ஸில் உட்காருகிற ஆள். அமெரிக்க விமானப் படையின் எச்எஃப், அதாவது சிற்றலை, அவசரச் செய்திகளை எழுத்தெழுத்தாக வாசிப்பார்களே, அதுதான். முதல் ஆறு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, பிறகு முழுச் செய்தி, பிறகு அதையே மறுபடி. ஒரு ராத்திரி ஒரு பெண் குரல், சின்ன வயசு போல இருந்தது, நடுவில் தடுமாறிவிட்டது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை, பின்னால் யாரோ மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது. ‘டிஸ்ரிகார்ட்’, அதாவது இதை விட்டுவிடுங்கள், என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் பரீட்சை ஹாலில் ஒப்பிக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி. பாவமாக இருந்தது. அணு ஆயுத உத்தரவு போகிற வழியே இதுதான் என்பார்கள், அதில் ஒரு பிள்ளைக்கு நாக்குக் குழறுகிறது!

வேகஸ் மாமா:
கோவைத் தம்பி, அணு ஆயுதம் என்று பீதி கிளப்பாதீர்கள். அந்தச் செய்திகள் நாள் முழுக்க வந்துகொண்டேதான் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் யாருக்கும் தெரியாது. என் கதை சின்னது: லாஸ் வேகஸ் நெல்லிஸ் விமானத் தளத்தில் ரெட் ஃபிளாக் என்கிற போலிச் சண்டைப் பயிற்சி, ஸ்பீட்வே கார் பந்தயத் திடல் பக்கம் வெயிலில் காரைப் போட்டுக்கொண்டு கேட்கிறேன், ஒருவருக்கு ‘நீ செத்துவிட்டாய்’ என்று அறிவிப்பு வருகிறது, அவர் ‘காப்பி கில்’ என்று சொல்வதற்கு முன் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், கோடிக்கணக்கான டாலர் விமானத்திலிருந்து வந்த அந்தப் பெருமூச்சை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

ஆனால் நந்தன் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. நாலாவது ஆள் பதில் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. முப்பதாயிரம் அடியில் இருப்பவரின் குரல் சுமார் 390 கிலோமீட்டர் வரை கேட்கும், அதே ஆள் ஆயிரம் அடிக்கு இறங்கிவிட்டால் எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான். தரையில் நிற்கிற நமக்குப் பாதிப் பேச்சுத்தான் எப்போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியிருந்தால், விமானங்கள் பேசுகிற ஏஎம் முறையில் கீச்சென்று ஒரு சத்தம் வந்திருக்கும், நீங்கள் அதைச் சொல்லவில்லை, அதனால் அவர் தாழ்ந்துபோய்விட்டார் என்பதுதான் என் கணக்கு.

நார்விச் நந்தன்:
மாமா, ஆறுதல் சொல்கிறீர்களா, பயமுறுத்துகிறீர்களா? உயரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் எதற்கு ஆயிரம் அடிக்கு இறங்கினார்? அப்புறம், ஒன்று மறுபடி கூப்பிட்டாரே. எனக்குக் கேட்காமல் இருக்கலாம், ஒன்றுக்குமா கேட்கவில்லை?

டிஸ்கோன் தாசன்:
எனக்கும் ஒரு அனுபவம், மில்டன்ஹால் தளத்து டேங்கர் விமானம் கேசி-135 வானத்தில் எரிபொருள் ஊட்டும்போது, குழாயை இயக்குகிற பூம் ஆபரேட்டர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார், அவ்வளவுதான். சரி, இங்கே எழுதுகிறவர்கள் பாதிப் பேர் ஸ்கேனரோடு வந்த ரப்பர் ஆன்டெனாவோடுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து மாற்றுங்கள். 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 25 சென்டிமீட்டர், அந்த அளவுக்கு ஒரு செம்புக் கம்பியை நிமிர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும், படுக்க வைக்காதீர்கள். கேபிளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள், மலிவான கேபிள் யுஎச்எஃப்பை அப்படியே தின்றுவிடும், நல்ல ஆன்டெனாவை மாடியில் வைத்து மட்டமான கேபிளில் கீழே இழுப்பதற்கு ஜன்னலிலேயே வைத்துவிடலாம். கணினியில் செருகுகிற ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரேடியோ டாங்கிள்காரர்கள் முதலில் எஃப்எம் வானொலியைத் தடுக்கிற ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் இல்லாத சிக்னலெல்லாம் தெரியும். 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தமாகத் தேடவிட்டால் ஸ்கேனர் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவர்கள் பேசி முடித்திருப்பார்கள், துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மோட் ஏஎம்மில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்குவெல்ச்சை, அதாவது வலுவில்லாத சிக்னலை அடக்குகிற திருகை, இரைச்சல் நிற்கிற இடத்துக்கு ஒரு துளி மேலே வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நந்தனுக்கு நாலாவது ஆள் கேட்காததற்கு ஸ்குவெல்ச்சே காரணமாக இருக்கலாம்.

கேம்பிரிட்ஜ் கவி:
அண்ணே, ஆன்டெனா வகுப்புக்கு நன்றி, யாரும் கேட்கவில்லை. பிரிட்டனில் 2006 வயர்லெஸ் சட்டப்படி ஸ்கேனர் வாங்கலாம், வைத்திருக்கலாம், நமக்கென்று அனுப்பாததைக் கேட்டால்தான் குற்றம். அதை முதலில் சொல்லியிருக்கலாமே நீங்கள்.

டிஸ்கோன் தாசன்:
சட்டம் தெரியும் தங்கச்சி. மாமாவுக்கு அமெரிக்காவில் அந்தத் தொல்லை இல்லை, அவருக்குத்தான் ஃபில்டர் சொன்னேன்.

வேகஸ் மாமா:
என்னிடம் டாங்கிளே இல்லை. யூனிடன் கையடக்க ஸ்கேனர்.